நூறு டாலருக்குக் கைமாறியவர்: ஆலன் பேஜ், ஒரு நிகழ்வு ஆய்வு

1978 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி, தன் தடுப்பு வரிசையில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஆலன் பேஜை விடுவித்தது. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி வேண்டாம் என்று விட்டுவிட்ட ஆட்டக்காரரை இன்னோர் அணி பெயரளவிலான கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அன்று அந்தக் கட்டணம் 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அதைக் கட்டியது. பேஜ் சிகாகோவுக்குப் போனார்.

இந்த நூறு டாலரின் சிறுமை புரிய வேண்டுமானால் ஏழு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1971-இல் தேசியக் கால்பந்து லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது முதன்முறையாகத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது. பெற்றவர் பேஜ். அதற்குப் பிறகு அந்த விருதை வாங்கிய தடுப்பாட்டக்காரர் இன்னும் ஒரே ஒருவர்தான், 1986-இல் லாரன்ஸ் டெய்லர். விருதுகளெல்லாம் பந்தை எறிபவருக்கும் ஏந்தி ஓடுபவருக்கும் போகிற ஆட்டத்தில், அவர்களைத் தடுப்பதே வேலையாகக் கொண்ட ஒருவர் அவ்வளவு உயரத்துக்குப் போயிருந்தார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைக்கிங்ஸ் அவரை விடுவித்த அதே 1978-இல்தான் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் அவர் சட்டப் பட்டம் பெற்றார். பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று நீதிபதியானவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்த வரி தவறு என்பது தெரிகிறது. ஓய்வுக்கும் சட்டத்துக்கும் இடையே அவர் வாழ்க்கையில் இடைவெளியே இல்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆண்டுகள் கிடந்தன. அப்படிக் கிடந்ததற்கு அவர் கொடுத்த விலைதான் 1978 அக்டோபர் என்பது என் வாசிப்பு. அதற்கான சான்றுகளை, எதிர்ச் சான்றுகளையும் சேர்த்து, இங்கே வைக்கிறேன்.

கேன்டன்

பேஜ் 1945 ஆகஸ்ட் 7 அன்று ஒகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். எஃகு ஆலைகளின் ஊர். அங்கே ஒரு கறுப்பினச் சிறுவனுக்குக் கண்ணெதிரே தெரிந்த எதிர்காலம் ஆலை வேலை. அவருக்குப் பதின்மூன்று வயதாகும்போது தாய் இறந்தார். ஒன்பது வயதில், பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் அளித்த தீர்ப்பைப் பற்றிப் படித்ததும், தொலைக்காட்சியில் வழக்கறிஞர் தொடர் பார்த்ததும் சட்டத்தின்மீது தமக்கு ஆசையை மூட்டியதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆக, சட்டம் கால்பந்துக்கு முந்திய ஆசை. ஒன்பதாம் வகுப்புவரை அவர் முறையாகக் கால்பந்து ஆடியதே இல்லை.

கேன்டன் தொழில்முறைக் கால்பந்தின் பிறப்பிடங்களில் ஒன்று. லீக் அங்கேதான் 1920-இல் தொடங்கப்பட்டது. அந்த நினைவில் அங்கே, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபம் கட்டினார்கள், 1963-இல் திறந்தார்கள். அதைக் கட்டிய கூலியாட்களில் இளைஞரான பேஜும் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வெண்கலத் தலைச்சிலை அதே கட்டடத்துக்குள் வைக்கப்பட்டது. அந்த நாளுக்குப் பிறகு வருவோம்.

மத்தியக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் 1963-இல் படிப்பை முடித்து நோட்டர் டேம் பல்கலைக்கழகம் சென்றார். 1966-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது தடுப்பு வரிசையின் ஓரத்தில் ஆடியவர் அவர். 1967-இல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்ற கையோடு, வைக்கிங்ஸ் அவரை முதல் சுற்றில் பதினைந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது.

பந்து அசையும் நொடி

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பெருத்த ஆட்கள் சுவராக நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தை எறியும் குவாட்டர்பேக். எதிரே தடுப்பு வரிசையில் நால்வர். அந்த நால்வரில் நடுவே நிற்கும் இருவரில் ஒருவர் பேஜ். எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்தினால் அதற்குச் சாக் என்று பெயர். நடுவில் நிற்பவருக்கு இது கடினம்: அவரை ஒருவர் பிடிப்பார், பெரும்பாலும் இருவர் சேர்ந்து பிடிப்பார்கள். ஆகவே அந்த இடத்துக்கு அணிகள் தேடுவது மலைபோன்ற ஆட்களை. ஓடுகிற ஆள் நடுவழியாக வந்தால் அவர் வழியை அடைத்துக்கொண்டு நின்றால் போதும் என்பது வழக்கமான கணக்கு.

பேஜ் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. ஆறடி நான்கு அங்குலம், சுமார் 111 கிலோ. அந்த இடத்துக்கு ஒல்லி என்றே சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது முதல் அடி. பந்து தரையிலிருந்து அசையும் அந்த நொடியில், எதிரே இருப்பவர் கை நீட்டுவதற்குள் இவர் இரண்டு ஆட்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைத் தாண்டியிருப்பார். கபடியில் பாடிவருபவரின் கால் திரும்புவதற்கு முன்பே கணுக்காலைப் பிடித்துவிடுகிற ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பலத்தால் சுவரை இடிப்பதற்குப் பதிலாக, சுவர் எழுவதற்குள் உள்ளே போய்விடுவது.

காரல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன், பேஜ் ஆகிய நால்வர் அடங்கிய அந்த வரிசைக்கு அணியின் நிறத்தை வைத்து ‘ஊதா நிற ஆள்தின்னிகள்’ என்று பெயர் விழுந்தது. எண்களே சொல்லும்: 1969-இல் பதினான்கு ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 133 புள்ளிகள், 1970-இல் 143, 1971-இல் 139. ஆட்டத்துக்குச் சுமார் பத்துப் புள்ளிகள் என்ற கணக்கில்தான் மூன்று பருவங்களும் போயின. புளூமிங்டனில் இருந்த அணியின் சொந்தத் திறந்தவெளி மைதானத்தில், உறைபனிக் குளிரில், ஓரத்தில் வெப்பமூட்டி வைக்கக்கூட பயிற்சியாளர் பட் கிரான்ட் அனுமதிக்கவில்லை. குளிர் எதிரணியின் கவலை, தங்கள் கவலை இல்லை என்று வீரர்கள் நம்ப வேண்டும் என்பது அவர் கொள்கை.

1971 டிசம்பரில் டெட்ராய்ட் லயன்ஸுடனான ஓர் ஆட்டம் பழைய ரசிகர்களின் பேச்சில் இன்றும் வரும். நடுவர்கள் அடுத்தடுத்துப் பேஜ்மீது தண்டம் விதித்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது. அதன்பின் வந்த முயற்சிகளில் அவரைப் பிடிக்க டெட்ராய்ட் ஆட்களால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பின்களத்தில் அவரே நின்றார். அந்தப் பருவத்தின் முடிவில் வந்ததுதான் மேலே சொன்ன விருது.

மொத்தமாக 218 பருவ ஆட்டங்கள். ஒன்றிலும் வராமல் இருந்ததில்லை. 148.5 சாக்குகள். லீக் சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-இல், பேஜ் விலகிய பிறகுதான். ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளைத் தோண்டிக் கணக்கிட்டதால்தான் இந்த எண் நம் கையில் இருக்கிறது. எதிரணியின் 28 உதைகளை மறித்திருக்கிறார்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. வைக்கிங்ஸ் நான்கு முறை சூப்பர் பௌல் இறுதிக்குப் போய் நான்கிலும் தோற்றது: கேன்சஸ் சிட்டியிடம் 23-7, மயாமியிடம் 24-7, பிட்ஸ்பர்கிடம் 16-6, ஓக்லண்டிடம் 32-14. அந்தத் தோல்விகளுக்குள் ஒரு தடயம் இருக்கிறது. மயாமியின் லாரி சோங்கா 145 கஜம் ஓடினார். பிட்ஸ்பர்கின் பிராங்கோ ஹாரிஸ் 158. ஓக்லண்டின் கிளாரன்ஸ் டேவிஸ் 137. வேகமும் ஒல்லியுமான அந்த முன்வரிசையை, எறிவதை விட்டுவிட்டுக் கனமான ஓட்டத்தால் நேராக மோதினால் உடைக்கலாம் என்று மூன்று அணிகள் மூன்று ஆண்டுகளில் காட்டின. வைக்கிங்ஸ் பயிற்சியாளர்கள் பிறகு எடை, எடை என்று சொன்னதற்கு இது பின்னணி. அவர்கள் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வகுப்பறையும் களமும்

தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த புதிதில், பருவமில்லாத மாதங்களில் ஒரு சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே பேஜ் விலகிவிட்டார். அந்த முதல் முயற்சியின் தோல்வியைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நான் அதை முக்கியமாகக் கருதுகிறேன். சட்டம் அவருக்குத் தானாக மடியில் விழவில்லை. ஒருமுறை கைவிட்டதைத் திரும்பப் போய் எடுத்திருக்கிறார்.

இடையில் நடந்தது சங்க வேலை. ஆட்டக்காரர்கள் சங்கத்தில் வைக்கிங்ஸ் பிரதிநிதியாக இருந்தார். 1972 முதல் 1975 வரை அதன் செயற்குழுவில் இருந்தார். 1974-இல் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது பெரிய சண்டை, லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையரின் பெயரால் ரொசெல் விதி என்று அழைக்கப்பட்ட ஒன்றைப் பற்றியது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வேறு அணி எடுத்தால், பழைய அணிக்கு ஈடாக என்ன கொடுக்க வேண்டும் என்பதை ஆணையரே முடிவுசெய்வார். என்ன ஈடு என்பது முன்கூட்டியே தெரியாததால் யாரும் யாரையும் எடுக்கத் துணியவில்லை. பெயரளவில் சுதந்திரம், நடைமுறையில் பிணைப்பு. சங்கத்தின் சார்பில் போடப்பட்ட வழக்கு மினியாபொலிஸில், பேஜின் வீட்டுக்கு எட்டும் தூரத்திலேயே விசாரிக்கப்பட்டது. 1975 டிசம்பரில் நீதிபதி எர்ல் லார்சன் அந்த விதி ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

அந்த 1975-இல்தான் பேஜ் மினசோட்டா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். தன் தொழிலின் சங்கிலியை ஒரு நீதிமன்றம் அறுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதருக்குச் சட்டம் மறுபடி உயிர்பெற்றதில் வியப்பில்லை. அமெரிக்காவில் சட்டப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. அவர் 1978-இல் முடித்தார். கோடை விடுமுறையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடிக்கிற காலம் இல்லை இது. முழுநேர மாணவராக இருந்தபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் உலகின் மிக முரட்டுத்தனமான ஆட்டங்களில் ஒன்றை ஆடியிருக்கிறார். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு சூப்பர் பௌலும் அடங்கும்.

அதே காலத்தில் இன்னொரு பழக்கமும் தொற்றியது. மனைவி டயான் புகைப்பதை விடுவதற்காக ஓடத் தொடங்கினார். துணைக்குப் போன பேஜும் ஓடத் தொடங்கி, விடமுடியாமல் ஆனார். நெடுந்தூர ஓட்டம் உடலை இளைக்க வைக்கும். எடை சுமார் நூறு கிலோவுக்கு இறங்கியது. 1979-இல் மாரத்தான் ஓடி முடித்தபோது, லீக்கில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மாரத்தான் முடித்த முதல் ஆட்டக்காரர் ஆனார்.

நூறு டாலரைப் பிரித்துப் பார்த்தால்

பட் கிரான்ட் சொன்ன காரணத்தின் சாரம்: பேஜ் தனக்குத் தானே வைத்த அளவுகோலை இனி அவரால் எட்ட முடியவில்லை. எடை குறைந்துவிட்டது, வயது 33, சொன்ன எடைக்கு ஏற மறுக்கிறார். சூப்பர் பௌல் ஓட்டக் கணக்குகளை முன்னே வைத்துவிட்டேன். பயிற்சியாளரின் கவலைக்கு அடிப்படை இருந்தது.

இப்போது மறுபக்கத்தை வைக்கிறேன். வைக்கிங்ஸில் 160 ஆட்டங்களில் பேஜ் எடுத்த சாக்குகள் 108.5. ஆட்டத்துக்கு 0.68. சிகாகோவில், அதாவது முடிந்துபோனவர் என்று கைவிடப்பட்ட பிறகு, 58 ஆட்டங்களில் 40. ஆட்டத்துக்கு 0.69. முப்பத்து மூன்று வயதிலிருந்து முப்பத்தாறு வரை, பதினொரு கிலோ குறைந்த உடலோடு, இளமையில் இருந்த அதே வேகத்தில் அவர் குவாட்டர்பேக்குகளை வீழ்த்திக்கொண்டிருந்தார்.

ஒரு நேர்மையான தடை சொல்ல வேண்டும். 1978-இல் எறிதலை ஊக்குவிக்கும் வகையில் லீக் விதிகளை மாற்றியது. எறிதல் கூடினால் சாக்குக்கான வாய்ப்பும் கூடும். எனவே இரண்டு காலங்களின் விகிதத்தையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. அந்த விதிமாற்றம் வேகமான, ஒல்லியான ஒருவருக்குச் சாதகம் என்பதும் உண்மை. ஆனால் இதிலிருந்து வருவது என்ன? ஆட்டம் எந்தத் திசையில் நகர்ந்ததோ அந்தத் திசைக்கு ஏற்ற உடல் பேஜிடம் இருந்தது. வைக்கிங்ஸ் பழைய திசையின் அளவுகோலால் அவரை அளந்தது.

சிகாகோ எதைக் கண்டு எடுத்தது என்பது இன்னும் சுவையானது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் நீல் ஆம்ஸ்ட்ராங், நிலாவுக்குப் போனவர் இல்லை, அதற்கு முன் வைக்கிங்ஸின் தடுப்பாட்டத்தைக் கவனித்தவர். தடுப்பாட்டப் பொறுப்பில் இருந்த பட்டி ரயன், 1976, 1977-இல் வைக்கிங்ஸின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர். ஆக, பேஜை எடுக்கும்படி சொன்ன மேசையில் இருந்தவர்கள் அவரை நாள்தோறும் பயிற்சியில் பார்த்தவர்கள். வைக்கிங்ஸ் வைத்திருந்த தகவல் எல்லாம் அவர்களிடமும் இருந்தது. ஒரே தகவலைப் பார்த்து ஓர் அணி போகலாம் என்றது, மற்றது வாருங்கள் என்றது.

அப்படியானால் எடை மட்டும்தானா காரணம்? பேஜ் எதையும் ஏன் என்று கேட்பவர் என்று அவருடன் இருந்தவர்கள் சொல்வது வழக்கம். சங்கப் பிரதிநிதி, வேலைநிறுத்தத்தில் நின்றவர், சட்டம் படித்துவிட்டவர், சொன்ன எடையை ஏற்காதவர். கட்டளையால் இயங்குகிற இடத்தில் காரணம் கேட்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், அவர் கால் சறுக்கும் முதல் நாளுக்காக யாரோ ஒருவர் காத்திருப்பார். இதற்கு ஆவணச் சான்று வைக்க முடியாது. சாக் கணக்கை வைத்து நான் எட்டும் முடிவு இது. எடை என்பது சொல்லத் தகுந்த காரணமாக இருந்தது, அதனால் அது சொல்லப்பட்டது.

பேஜ் இதைத் தம் கதையின் மையமாக ஒருபோதும் ஆக்கவில்லை. சிகாகோவுக்குப் போனார், ஆடினார். 1979-இல் மினியாபொலிஸில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்தார். 1981-இல் கடைசி ஆட்டம் ஆடும்வரை இரண்டையும் சேர்த்தே நடத்தினார்.

வழக்குப் போட்டுப் பெற்ற தேர்தல்

1985 முதல் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அரசியல் சட்டம். நடைமுறை வேறு. பதவியில் இருப்பவர் பதவிக்காலத்தின் நடுவில் விலகுவார். ஆளுநர் ஒருவரை நியமிப்பார். நியமிக்கப்பட்டவர் அடுத்த தேர்தலில் ‘பதவியில் இருப்பவர்’ என்ற அடைமொழியோடு எளிதாக வெல்வார். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே நுழையும் வாசல் பெயரளவுக்குத்தான் திறந்திருந்தது. ரொசெல் விதியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது.

1992-இல் ஒரு நீதிபதியின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் வர வேண்டியிருந்தது. ஆளுநர் ஆர்னி கார்ல்சன் அந்தப் பதவிக்காலத்தை நீட்டித்தார்; ஆகவே தேர்தல் இல்லை என்று சொல்லப்பட்டது. போட்டியிட விரும்பிய பேஜ் வழக்குப் போட்டார். போட்ட இடமோ எந்த நீதிமன்றத்தில் அமர விரும்பினாரோ அதே உச்ச நீதிமன்றம். தங்கள் சக நீதிபதியின் இடத்தைப் பற்றிய வழக்கை அவர்கள் எப்படி விசாரிப்பார்கள்? நீதிபதிகள் விலகிக்கொண்டார்கள், மாற்று நீதிபதிகளைக் கொண்ட தற்காலிக அமர்வு வழக்கைக் கேட்டது. தேர்தல் நடந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் பேஜ் வென்றார். 1993 ஜனவரியில் பதவியேற்றபோது அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். தன்னை உள்ளே கொண்டுபோகும் தேர்தலையே வழக்காடிப் பெற்றுக்கொண்டு நீதிபதியானவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

1998, 2004, 2010 என மூன்று முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2015 ஆகஸ்டில், எழுபது வயது வரம்பால் விலகும்வரை இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்தார்.

அந்த ஆண்டுகளில் நாடே உற்றுப் பார்த்த வழக்கு ஒன்று. 2008-இல் அமெரிக்க செனட் இடத்துக்கு மினசோட்டாவில் ஆல் பிராங்கனும் நார்ம் கோல்மனும் மோதினார்கள். ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள். மறு எண்ணிக்கையும் வழக்கு விசாரணையும் முடிந்தபோது வித்தியாசம் 312. தலைமை நீதிபதியும் இன்னொரு நீதிபதியும் வாக்குச் சரிபார்ப்புக் குழுவில் இருந்ததால் விலகிக்கொண்டார்கள். மூத்த நீதிபதியான பேஜ் தலைமையில் ஐவர் விசாரித்தார்கள். 2009 ஜூன் 30 அன்று ஒருமனதாகப் பிராங்கன் பக்கம் தீர்ப்பு. அன்றே கோல்மன் தோல்வியை ஏற்றார். இவ்வளவு சூடான வழக்கில், கட்சிவாரியாகப் பிளவுபடாத ஒரு தீர்ப்பைக் கொடுத்த அமர்வை நடத்தியவர் ஒரு காலத்தில் கோபம் வந்தால் டெட்ராய்ட் அணியைத் தனியாளாகக் கலைத்தவர்.

படிக்கத் தெரியாத ஆட்டக்காரர்கள்

1988-க்குத் திரும்புவோம். புகழ் மண்டபத்தில் சேர்க்கப்படுபவரை அறிமுகப்படுத்தத் தமக்கு வேண்டிய ஒருவரை அவரே தேர்ந்தெடுக்கலாம். எல்லோரும் பழைய பயிற்சியாளரையோ சக ஆட்டக்காரரையோ அழைப்பார்கள். பேஜ் அழைத்தது மினியாபொலிஸின் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையான வில்லரீன் பீஸ்லியை. மேடையில் பேஜ் பேசியது கல்வியைப் பற்றி. தடுப்பு வரிசையின் கூட்டம் ஒன்றில் ஆட்டக் கையேட்டை ஆளுக்குக் கொஞ்சம் உரக்கப் படிக்கச் சொன்னபோது, பல்கலைக்கழகம்வரை போய்வந்த தோழர்களில் சிலரால் அதைப் படிக்கவே முடியவில்லை என்பதைக் கண்டதாகச் சொன்னார். பள்ளி முதல் பட்டம்வரை யாரோ அவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடினால் போதும் என்று.

இந்தக் காட்சியைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. முரட்டு உடல்கள் நிரம்பிய அறை. ஒருவர் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறார். மற்றவர்கள் குனிந்துகொள்கிறார்கள். அந்த அறையில் இருந்த ஒருவர், அதைக் கேலியாக்காமல், அந்த மனிதர்மீது பழி போடாமல், அவரை இங்குவரை கொண்டுவந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கிறார்; பிறகு தம் வாழ்வின் மிகப் பெரிய மேடை கிடைத்த நாளில் அதையே பேசுகிறார்.

அதே ஆண்டு பேஜும் டயானும் பேஜ் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மினசோட்டாவின் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை. அதில் ஒரு நிபந்தனை உண்டு: பணம் பெறும் மாணவர் தன்னைவிடச் சிறிய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், துணையாக இருக்க வேண்டும். உதவி பெற்றவர் அடுத்த நொடியே உதவுபவராகவும் ஆகிறார். படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்ற காத்திருப்பு இல்லை. பேஜ் தம் வாழ்க்கையை நடத்திய விதமே இந்த நிபந்தனையிலும் இருக்கிறது.

டயானுக்கு இன்னொரு பணியும் உண்டு. இருவரும் சேர்ந்து அடிமை முறையின், இனப் பிரிவினைக் காலத்தின் பொருள்களைப் பல ஆண்டுகள் சேகரித்தார்கள். ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகளும் அவற்றுள் உண்டு. 2018 தொடக்கத்தில் மினியாபொலிஸ் மைய நூலகத்தில் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் டயான் இறந்தார். நவம்பரில் அதிபரின் சுதந்திரப் பதக்கத்தைப் பேஜ் பெற்றபோது அவர் இல்லை.

முந்தைய ஆண்டில் மினியாபொலிஸ் நடுநிலைப் பள்ளி ஒன்றின் பெயர் மாறியிருந்தது. அதுவரை அதற்கு இருந்த பெயர் அலெக்சாண்டர் ராம்சே. 1862-இல் டகோட்டா பூர்வகுடிகளை அழிக்க வேண்டும் அல்லது மாநில எல்லைக்கு வெளியே விரட்ட வேண்டும் என்று சொன்ன ஆளுநர். அந்தப் பெயர் வேண்டாம் என்று மாணவர்களே இயக்கம் நடத்தினார்கள். இப்போது அது நீதிபதி பேஜ் நடுநிலைப் பள்ளி.

1993-இல் தோற்ற வாதம்

நீதிபதியான முதல் ஆண்டிலேயே பேஜுக்கு வந்த வழக்குகளில் ஒன்று ஸ்கீன் வழக்கு. மினசோட்டாவில் பள்ளிகளுக்கான பணத்தின் ஒரு பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வந்தது. சொத்து மதிப்புக் குறைந்த ஊர்களின் பள்ளிகளுக்குக் குறைவாகக் கிடைத்தது. இது மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று பள்ளி மாவட்டங்கள் வாதிட்டன. கல்வி ஓர் அடிப்படை உரிமைதான் என்று பெரும்பான்மை ஏற்றது. ஆனால் அந்த நிதிமுறை உரிமையை மீறவில்லை என்று முடித்தது. பேஜ் உடன்படாமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். உரிமை என்று பெயர் சொல்லிவிட்டு அதன் எடையை ஏற்க மறுப்பது அவருக்கு ஒப்பவில்லை.

மாறுபட்ட தீர்ப்புக்குச் சட்ட வலிமை கிடையாது. ஆனால் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், ஓய்வுபெற்ற பேஜ் அதே கேள்வியை வேறு வாசல் வழியாகக் கொண்டுவந்தார். உடன் நின்றவர் மினியாபொலிஸ் கூட்டாட்சி ரிசர்வ் வங்கியின் தலைவர் நீல் காஷ்காரி, கஷ்மீரிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். வெள்ளைக் குழந்தைகளுக்கும் கறுப்பின, பூர்வகுடிக் குழந்தைகளுக்கும் இடையே கல்வியில் மினசோட்டாவில் உள்ள பள்ளம் அமெரிக்காவிலேயே மிக ஆழமான பள்ளங்களில் ஒன்று என்பது அவர்கள் வைத்த முறையீடு. 1857-இல் எழுதப்பட்ட கல்விப் பிரிவு, பொதுப் பள்ளிகளின் ஒரே சீரான அமைப்பை உருவாக்கும் கடமையைச் சட்டமன்றத்துக்குக் கொடுக்கிறது. அவர்கள் கேட்டது வேறு: தரமான பொதுக்கல்வி குழந்தையின் உரிமை என்று எழுதுங்கள். கடமை அமைப்பின்மீது இருக்கும்போது அமைப்பு இருந்தால் கடமை முடிந்தது. உரிமை குழந்தையிடம் இருந்தால் அந்தக் குழந்தை படிக்கிறதா என்று கேட்க வேண்டிவரும்.

இதை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றது மாநில ஆசிரியர் சங்கம். ‘ஒரே சீரான அமைப்பு’ என்ற சொற்கள் போனால் பொதுப் பணம் தனியார் பள்ளிகளுக்குப் போகும் வழி திறக்கலாம், பள்ளி நிர்வாகம் நீதிமன்றங்களின் கைக்குப் போகலாம் என்பது அவர்கள் அச்சம். அந்த அச்சத்தை எளிதில் தள்ள முடியாது. ‘தரமான’ என்ற சொல்லுக்கு ஒரு நீதிபதி என்ன அளவுகோல் வைப்பார் என்பது நியாயமான கேள்வி. சங்கத்தில் வளர்ந்த மனிதரைச் சங்கம் எதிர்த்தது. திருத்தம் சட்டமன்றத்தைத் தாண்டி மக்கள் வாக்குக்குப் போக வேண்டும். ஆண்டுகள் போயும் அது சட்டமன்றப் படியைத் தாண்டவில்லை. பேஜ் எழுபத்தைந்தைக் கடந்த பிறகும் கூட்டம் கூட்டமாகப் போய் அதைப் பேசினார்.

பேசும் இடங்களில் அவர் கையை உயர்த்தும்போது குழந்தைகள் முதலில் பார்ப்பது சுண்டுவிரலை. களத்தில் மூட்டு பிசகி, செங்கோணமாக வெளிப்பக்கம் வளைந்து நிற்கும் விரல் அது. மகள் கேமியோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே ஒரு குழந்தைகள் புத்தகம் எழுதினார். அக்டோபரில் மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களின் மாரத்தான் நடக்கும் காலைகளில், வழியோரத்தில் தோளைச் சுற்றிய பெரிய பித்தளை சூசஃபோனை ஊதிக்கொண்டு நிற்பவர் இவர்தான். ஓடுகிறவர்களில் பலருக்கு அவர் ஒரு காலத்தில் நூறு டாலருக்குப் போனவர் என்பது தெரியாது. இசை கேட்டுக் கையசைத்துவிட்டு ஓடுகிறார்கள்.